ஊர்தேடி வந்த உளமருத்துவம்

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரிடம் "என்ன செய்கிறது?" என்று பரிவோடு கேட்கும் ஊர், மனம் நலிந்தவரிடம் "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று அதட்டுகிறது. இவ்விரண்டிற்கும் அப்பால், "உங்களுக்கு என்ன நேர்ந்தது?" என்னும் மூன்றாவது கேள்வியை இன்றைய உளமருத்துவம் முன்வைக்கிறது. அக்கேள்வி புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வாழும் வளர்ந்த மனிதருக்கு என்ன பொருள் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பேருந்தில் ஒரு மருத்துவமனை

சென்னையிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில் உள்ளது. உளமருத்துவரைக் காணவேண்டிய சிற்றூர்வாசிக்கு அத்தொலைவு இன்னும் நீண்டதாகவே இருந்தது. 2010ஆம் ஆண்டு அதைக் குறைக்கும் முயற்சி ஒன்று தொடங்கியது. சென்னையில் இயங்கும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை, சுருக்கமாக 'ஸ்கார்ஃப்', ஒரு பேருந்தையே மருத்துவமனையாக வடிவமைத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர்களுக்கு அனுப்பியது. டாடா கல்வி அறக்கட்டளை அதற்குப் பொருளுதவி செய்தது.

அப்பேருந்தின் ஒரு பகுதி கலந்தாய்வு அறை. மற்றொரு பகுதி மருந்தகம். அறையிலுள்ள திரையில் சென்னையிலிருக்கும் உளமருத்துவர் தோன்றுவார். நோயுற்றவரும் உடன் வந்தவரும் எதிரில் அமர்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல அவரிடம் பேசுவர். மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்து அங்கேயே விலையின்றி வழங்கப்படும். ஊர்மக்கள் காணும்படி மனநல விழிப்புணர்வுப் படங்களும் திரையிடப்பட்டன. உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுதோறும் சென்று, உதவி தேவைப்படுவோரை அடையாளம் கண்டனர். மருந்தை நிறுத்திவிட்டவரைத் தேடிச் சென்று பேசினர்.

மருத்துவமனைக்கு நோயாளி வருவதே வழக்கம். நோயாளியிடம் மருத்துவமனை ஏன் வரவேண்டும் என்று கேட்கத் தோன்றும். மனச்சிதைவு நோய்க்கு மருந்து ஒரு வாரத்தில் முடிவதன்று. மாதந்தோறும் நகரத்திற்குச் சென்றுவர வேண்டும். தனியே செல்ல இயலாதவருடன் வீட்டில் ஒருவர் செல்ல வேண்டும். அன்று இருவருடைய கூலியும் போகும். பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் சேரும். யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகக் காதில் குரல் கேட்கும் ஒருவருக்கு, நெரிசல் மிகுந்த பேருந்தில் இரண்டு மணிநேரம் அமர்ந்திருப்பதே தண்டனை. இவற்றை எண்ணி, மூன்றாம் மாதத்திலேயே சிகிச்சையைக் கைவிடும் குடும்பத்தை அறியாமை மிக்கது என்று பழிப்பது எளிது. ஆனால், அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவாகவே பெரும்பாலும் இருக்கிறது.

2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூருவின் தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்று அது கண்டது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர்.

சக்கரங்கள் மாற்றத்தைக் கொண்டுவருவது புதுக்கோட்டைக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொண்ட மாவட்டம் அது. அன்று பெண்கள் தாமே ஊரைவிட்டு வெளியே சென்றனர். வெளியே செல்லும் வலிமையை நோய் பறித்துக்கொண்டோருக்குச் சக்கரங்கள் அவர்களிடமே வரவேண்டியிருந்தது.

சங்கிலியின் கதை

சிகிச்சை எட்டாதபோது என்ன நிகழும் என்பதைத் தமிழ்நாடு ஒரு கொடிய விடியலில் கண்டது. புதுக்கோட்டைக்குத் தெற்கே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பியோட வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். ஏர்வாடித் தர்காவின் அருளை நாடி உறவினரால் அழைத்துவரப்பட்டு, பின் காப்பகங்களில் விடப்பட்டவர்கள் அங்கே பலர். உறவினர் அனைவரும் கல்நெஞ்சர் அல்லர். வேறு வழி சொல்ல ஆளில்லாத இடத்தில் அச்சம் சங்கிலியைக் கையில் எடுத்தது.

அதன்பின் உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது; இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது என்று தெளிவாகத் தடை செய்தது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளிப்பதையும் அச்சட்டம் விலக்கியது. வழிபாட்டை விலக்கி மருத்துவத்தை மட்டும் திணிக்காமல், இரண்டையும் ஒருசேர அளிக்கும் அரசுத் திட்டமும் ஏர்வாடியில் நடைமுறைக்கு வந்தது. நம்பிக்கையோடு வந்தவரின் நம்பிக்கையை இழிவுபடுத்தினால், அவர் மருத்துவரிடம் மீண்டும் வரமாட்டார் என்னும் நடைமுறை அறிவு அத்திட்டத்தில் உண்டு.

இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவராகப் போற்றப்படும் சாரதா மேனன் (1923-2021), சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பின் 1984ஆம் ஆண்டு அவர் தொடங்கியதே ஸ்கார்ஃப். உயர்ந்த மதில்களுக்குள் நோயாளிகளைக் கண்ட ஒருவர் உருவாக்கிய அமைப்பு, மதிலே இல்லாத ஒரு மருத்துவமனையைப் பேருந்தில் அனுப்பியது எண்ணிப்பார்க்கத்தக்கது.

புண்ணும் வடுவும்

ஆங்கிலத்தில் 'டிராமா' என வழங்கும் சொல், காயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதனை 'மனவடு' என்பர். போரின் நடுவே வாழ்ந்த ஈழத்தமிழர் இச்சொல்லை மருத்துவத்திலும் பேச்சிலும் நிலைபெறச் செய்தனர். தீயால் பட்ட காயத்தையும் சொல்லால் பட்ட காயத்தையும் வேறுபடுத்திக் காட்டிய வள்ளுவரைப் படித்த தமிழருக்கு இச்சொல்லின் ஆழம் எளிதில் விளங்கும். புண் ஆறிவிடுகிறது, வடு அந்த இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

பேரிடர், வன்முறை, நெருங்கியவரின் திடீர் இழப்பு, நெடுநாள் இழிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மனிதரின் தாங்கும் ஆற்றலை மீறும்போது மனவடு உண்டாகலாம். ஆபத்தைக் கண்டதும் மூளையின் உட்பகுதியிலுள்ள அமிக்டலா எச்சரிக்கை எழுப்ப, இதயத் துடிப்பு மிகுகிறது, தசைகள் இறுகுகின்றன, கார்டிசால் முதலிய சுரப்புகள் உடலெங்கும் பரவுகின்றன. போராடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. இரண்டும் இயலாவிடில் உறைந்துபோகிறது. ஆபத்து நீங்கியபின் இந்நிலை அடங்க வேண்டும். மனவடு உற்றவருக்கு அது முற்றிலும் அடங்குவதில்லை. காற்று சற்றே பலமாக வீசினாலும் உடல் பழைய இரவுக்குத் திரும்பிவிடும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களோடு புதுக்கோட்டையையும் சிதைத்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. தென்னை ஒரு பருவத்துப் பயிரன்று. பிள்ளையைப் போல ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்டுப் பின் காலமெல்லாம் சோறு போடுவது. அத்தகைய தோப்பை இழந்த உழவர் ஒருவர் நெஞ்சு படபடப்பு, உறக்கமின்மை, வயிற்றெரிச்சல் என்று மருத்துவரிடம் வந்தால், அவருடைய நாடியைப் பார்ப்பதோடு தோப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். மனத்துன்பத்தை உடலின் மொழியில் சொல்வது தமிழ்ச் சிற்றூர்களின் இயல்பு. "மனம் சோர்ந்திருக்கிறேன்" என்பவரைவிட "உடம்புக்கு முடியவில்லை" என்பவரே மிகுதி.

புதுக்கோட்டை மாவட்டத்தில் லேனாவிலக்கு, தேக்காட்டூர், அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. போரையும் கடலையும் கடந்து வந்தோரின் மனவடு ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருப்பதன்று. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரைத் தாண்டிக் குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்துவதை விரிவாக எழுதியவர். மூச்சுப்பயிற்சியும் அவரவர் சமயம் சார்ந்த மந்திரமும் செபமும் மனத்தை அமைதிப்படுத்தும் வழிகளாகும் என்று அவர் கண்டார். வெளிநாட்டுப் பாடநூலில் உள்ள முறைகளை அப்படியே ஓதாமல், மக்கள் கையில் ஏற்கெனவே இருந்ததை மருத்துவமாக்கியது அவருடைய தனிச்சிறப்பு.

வளர்ந்தோரை மறந்த மருத்துவம்

ஆட்டிசத்தை லியோ கானர் 1943ஆம் ஆண்டும் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944ஆம் ஆண்டும் குழந்தைகளிடம் கண்டு எழுதினர். அன்றுமுதல் அது குழந்தைகளுக்குரியது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. அக்குழந்தைகள் வளர்ந்து ஐம்பது வயது அடைவர் என்பதை நெடுங்காலம் எவரும் எண்ணவில்லை. கவனச்சிதறல் மிகையியக்கம் உடையோர் நிலையும் இதுவே. பள்ளியில் 'அடங்காதவன்' எனவும் பணியிடத்தில் 'பொறுப்பற்றவன்' எனவும் பெயர்பெற்று, காரணம் அறியாமலே முதுமை அடைந்தோர் பலர்.

1990களின் இறுதியில் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் முதலியோரின் எழுத்துகள் வழியே 'நரம்பியல் பன்மை' என்னும் கருத்து பரவியது. மனித மூளைகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. ஒலியை, ஒளியை, சொல்லை, முகக்குறிப்பை வெவ்வேறு வகையில் உணரும் மூளைகள் இயற்கையாகவே உள்ளன என்பது அதன் சாரம். இடர்ப்பாடு இல்லை என்று இக்கருத்து கூறவில்லை. இடர்ப்பாட்டின் ஒரு பகுதி மூளையிலும் மற்றொரு பகுதி சூழலிலும் உள்ளது என்றே கூறுகிறது. 'மதியிறுக்கம்' என்று தமிழில் வழங்கிய சொல், மதியே இறுகிவிட்டதாகப் பொருள் தருவதால் பொருத்தமற்றது; 'ஆட்டிசம்' என்றே எழுதுவது மேல். 'ஊனமுற்றோர்' என்பதை 'மாற்றுத்திறனாளி' ஆக்கிய தமிழுக்கு, பெயரிடுதல் எத்துணை முதன்மையானது என்பது தெரியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து 21ஆக விரித்தது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றோடு பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், குருதி உறையாமை, தலசீமியா போன்ற நெடுநாள் நோய்களும் அதில் இடம்பெற்றன. வெவ்வேறாகத் தோன்றும் இவற்றைச் சட்டம் ஓரிடத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெளியே புலப்படாத துன்பத்தை மெய்ப்பிக்க வேண்டிய சுமை இவர்கள் அனைவருக்கும் பொது. "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்னும் ஒரு சொல் பலருக்கு நோயைவிட வலிக்கிறது.

நெடுநாள் நோயும் மனவடுவும் ஒன்றையொன்று தொடர்வதை அமெரிக்க மருத்துவர்களான வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் தம் குழுவினருடன் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. குழந்தைப் பருவத்தில் வன்முறை, புறக்கணிப்பு முதலியவற்றைப் பலவகையில் சந்தித்தோரிடம் மனச்சோர்வு மட்டுமன்றி, இதயநோயும் நுரையீரல் நோயும் மிகுதியாகக் காணப்பட்டன. ஆயினும், இதைக்கொண்டு "எல்லாம் மனத்தால் வருவது" என்று நோயாளியை அனுப்பிவிடுதல் ஆய்வையே தலைகீழாகப் படிப்பதாகும். சிறுநீரகம் பழுதானவருக்குக் குருதிச் சுத்திகரிப்பும் வேண்டும். வாரந்தோறும் ஊசி ஏறும் கையை நீட்டும்போது எழும் நடுக்கத்தைக் கேட்பாரும் வேண்டும்.

சிகிச்சையே காயமாகாதிருக்க

அமெரிக்க அரசின் மனநலப் பணிகள் அமைப்பு 2014ஆம் ஆண்டு மனவடு அறிந்த சிகிச்சைக்கு நான்கு நிலைகளை வகுத்தது. மனவடு எவ்வளவு பரவலானது என்பதை உணர்தல், அதன் அறிகுறிகளை அடையாளம் காணல், அதற்கேற்பச் செயலாற்றல், மீண்டும் காயப்படுத்தாதிருத்தல் என்பன அவை. நான்காவதே கடினமானது, நல்லெண்ணம் உடையோரும் தவறுவது அங்கேதான்.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவை ஆட்டிசம் உடைய ஒருவர் எவ்வாறு உணர்வார் என்று எண்ணிப் பார்க்கலாம். குழல்விளக்கு மின்னி மின்னி எரிகிறது; மின்விசிறி கரகரக்கிறது; கிருமிநாசினி நாறுகிறது; ஒலிபெருக்கியில் சீட்டு எண்கள் முழங்குகின்றன; முன்பின் அறியாதோர் தோளோடு தோள் உரசுகின்றனர். மருத்துவர்முன் சென்று அமரும்போது அவரிடம் பேசும் ஆற்றல் எஞ்சியிராது. கண்ணைப் பார்த்துப் பேசுமாறு வற்புறுத்தினால் எஞ்சியதும் போய்விடும். அவர் வாய்மூடி இருப்பதை 'ஒத்துழைக்கவில்லை' என்று சீட்டில் எழுதுவது எளிது.

பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2012ஆம் ஆண்டு, ஆட்டிசம் உடைய வயதுவந்தோருக்கான உளச்சிகிச்சையை எவ்வாறு மாற்றியமைக்க வேண்டும் என்று விளக்கியது. பேச்சோடு எழுத்தும் படமும் பயன்படுத்துதல், திட்டமிட்ட ஒழுங்கில் நடத்துதல், இடையிடையே ஓய்வு தருதல், அவருக்கு விருப்பமான பொருள்வழியே உரையாடுதல், அவர் இசைந்தால் குடும்பத்தாரைச் சேர்த்தல் முதலியன அதில் உள்ளன. உருவகப் பேச்சைக் குறைக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தமிழில் இது தனிக் கவனத்திற்குரியது. "மனம் கல்லாகிவிட்டதா?", "தலைக்குமேல் வெள்ளம் போகிறதா?" என்று கேட்பது தமிழ்ப்பேச்சின் அழகு. சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் ஒருவருக்கு அது விடையில்லாப் புதிர். "நேற்று எத்தனை மணிக்கு உறங்கினீர்கள்? எத்தனை முறை விழித்தீர்கள்?" என்பதற்கு அவரால் துல்லியமாக விடை கூற இயலும். தம் உணர்ச்சிக்குப் பெயர் தெரியாதவரிடம், உடலில் எந்த இடத்தில் என்ன உணர்வு என்று கேட்கலாம்.

மனவடு உற்றவருக்குச் செய்யவேண்டியதும் பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களே. தொடுவதற்குமுன் கேட்டல், கதவருகே அமர விரும்பினால் அமரவிடுதல், அடுத்து நிகழப்போவதை முன்னரே கூறுதல், நேர்ந்ததை முதல் நாளிலேயே முழுதும் சொல்லுமாறு நெருக்காதிருத்தல் ஆகியவற்றிற்குப் பணம் வேண்டியதில்லை, பொழுது வேண்டும். உடற்சோர்வு மிக்க நெடுநாள் நோயாளிக்கு ஒரு மணிநேர அமர்வை இருபது நிமிட அமர்வுகளாகப் பிரிக்கலாம்.

இந்த அளவுகோலால் பேருந்து மருத்துவமனையையும் அளந்து பார்க்க வேண்டும். தன் ஊரில், தனக்குப் பழகிய மனிதர் அருகிலிருக்கக் கலந்தாய்வு நடப்பது அதன் வலிமை. எதிரில் ஓர் ஆள் அமர்ந்திருப்பதைவிடத் திரையில் பேசுவது சிலருக்கு எளிது. திரையே அச்சமூட்டும் சிலரும் உண்டு. ஊர் நடுவே நிற்கும் வண்டியில் ஏறுபவரை ஊரே காணும். மனநோய்க்கு இழிவு கற்பிக்கும் ஊரில் அந்தப் படிக்கட்டு மிக உயரமானது. மருந்து தருவதற்குத் திரை போதும். நீண்ட உரையாடலுக்கு, வீட்டுத் திண்ணையில் வந்து அமரும் உள்ளூர்ப் பணியாளரே தேவைப்படுகிறார்.

வழி காட்டுவோர்

உளவியல் ஆலோசனையைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்றும் வழங்குவர். 'ஆறு' என்பது வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கிலும், வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞருக்குத் தாம் சென்ற வழியைக் கூறுவார். எங்கே உணவு கிடைக்கும், எங்கே பாதை கடினம் என்பனவெல்லாம் அதில் வரும். வழி சொல்பவர் அவ்வழியே நடந்தவர், அவரும் பசித்திருந்தவர். இன்றைய உளமருத்துவம் 'ஒத்தோர் துணை' என்று கொள்வதும் இதையே. மனச்சிதைவிலிருந்து மீண்ட ஒருவர், மருந்தால் நாவறண்டு உறக்கம் மிகுந்த முதல் மாதத்தை எவ்வாறு கடந்தார் என்று சொல்வதை, அதே மாதத்தில் இருப்பவர் மருத்துவர் சொல்லைவிடக் கூர்ந்து கேட்பார்.

1996ஆம் ஆண்டு நாட்டில் தொடங்கப்பெற்ற மாவட்ட மனநலத் திட்டமும், 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசத்தக்க டெலி மானஸ் உதவிமையமும் இன்று துணைநிற்கின்றன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நீரிழிவும் குருதியழுத்தமும் உடையோருக்கு வீட்டிலேயே மருந்து தருகிறது. படுக்கையில் உள்ளோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் அளிக்கிறது. மாத்திரை தரும் கை, "உறக்கம் வருகிறதா? யாரேனும் உங்களோடு பேசுகிறார்களா?" என்று கேட்கவும் பழகினால், ஒரே வருகையில் இருவகைச் சிகிச்சையும் தொடங்கிவிடும்.

மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகம் அறியப்படாத பிரிவு ஒன்றுண்டு. தாம் தெளிவாக இருக்கும்போதே, பின்னர் மனநோயால் முடிவெடுக்க இயலாத நிலை நேர்ந்தால் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா, தம் சார்பில் யார் பேசலாம் என்பனவற்றை ஒருவர் எழுதிவைக்கலாம். இதற்கு 'முன்னறிவுறுத்தல்' என்று பெயர். தனியறையில் பூட்டாதீர்கள், இன்ன மருந்து எனக்கு ஒவ்வாது, என் தமக்கையை அழையுங்கள் என்பனபோன்ற எளிய வரிகள் அதில் இருக்கலாம். முன்பு மனநோய் கண்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. 18 வயது நிறைந்த எவரும் அதை எழுதலாம்.